கடைசிப் பந்தி

கடல் கடந்து வந்த பிக்கரிங் நகரில் அந்த வீட்டு மேசையில் மூடியே கிடந்த சோற்றுத் தட்டுத்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அப்போது நான் புதிது. மட்டக்களப்புக்காரி. விடியுமுன் அந்த வீட்டுப் பெரியவரின் மகனும் மருமகளும் வேலைக்கு ரயில் பிடிக்க ஓடிவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம். பிறகு அந்தப் பெரிய வீட்டில் பெரியவர் தண்டையலும் நானும்தான்.

தண்டையல் என்றால் பாய்க்கப்பலின் தலைவர். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வடமராட்சியிலிருந்து பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தவர். கடல் போதுமென்று ஊரில் கடை போட்டார். பிறகு பட்டினசபைத் தலைவராகிச் சந்தைக்குக் கூரை போட்டார். ஊரே எழுந்து நின்று மதித்த மனிதரை இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை.

அவர் சாப்பிடுவதில்லை. மெலிந்துகொண்டே போனார். இப்படியே போனால் முதியோர் இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைவிட்டுப் போக அவருக்குத் துளியும் விருப்பமில்லை. "சாப்பிடுங்க ஐயா" என்று கெஞ்சினால், "எல்லாரும் சாப்பிட்டாச்சோ?" என்பார். முன்னால் உட்கார்ந்து நானே சாப்பிட்டுக் காட்டினேன். "நீர் ஒராள்தானே" என்றார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காத்து விழுந்திட்டா கப்பல் நாள்கணக்கா நிண்டிடும், பிள்ளை. இருக்கிற சோத்திலை கடைசிப் பெடியனும் திண்ட பிறகுதான் தண்டையல் கை வைப்பான். அதை மாத்தேலாது."

பட்டினசபை விருந்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்காருவாராம். பிக்கரிங் வீட்டிலோ மகன் காரில் சாப்பிடுவார், பேரன் அறைக்குள், பேத்தி டயட். பந்தி முடிந்தது என்று அவருக்கு யார் சொல்வது? மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஞாயிறு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கினார். திங்கட்கிழமை மறுபடி ரயில். இன்றைக்கு மோர்னிங்சைட்டில் என் வீட்டிலும் அதே கதைதான். யாரைக் குறை சொல்வது?

கடைசியில் இல்லத்தில்தான் விட்டார்கள். அங்கே சாப்பாட்டு மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். பசியில்லையாக்கும் என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அங்கிருந்த தாதி, நல்ல மனசுக்காரி, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் சாப்பிடுகிறாரில்லை என்று அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள்.

நான் போனபோது சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"மற்ற ஆக்கள் எங்கை, பிள்ளை?"

மூடியிருந்த தட்டைத் திறந்துவைத்தேன். "எல்லாரும் சாப்பிட்டுட்டுக் கரைக்குப் போயிட்டாங்க ஐயா."

"அப்ப சரி" என்றவர், தட்டை இழுத்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.