ஆயிரம் மீட்டர் வட்டம்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் எங்கள் தொண்டு நிறுவனம் இயங்கியது. சுற்றுப்பட்டுக் கிராமங்களில் எந்த வீடுகளுக்கு அரை கிலோமீட்டருக்குள் குடிநீர்க் குழாய் இல்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. கணினியில் பைத்தான் மொழியில் நிரல் எழுதி, ஒவ்வொரு குழாயையும் ஒரு புள்ளியாக வைத்து, அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். வட்டத்துக்கு வெளியே விழும் வீடுகளுக்குப் புதுக் குழாய் கேட்போம்.

புள்ளிகளை எடுத்து வந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். குழாயடியில் நின்று போனில் இடத்தைப் பதிவார். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

குழாய் இல்லாத வீடுகளின் பட்டியலை அனுப்பிய மறுவாரம் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"திருவாலங்காட்டாண்ட, கரும்புக் கொல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு காலனி. குழாய் கிட்டயே இருக்குதுன்னு உங்க மேப் சொல்லுது. அங்க பொம்பளைங்க குடத்தத் தூக்கிகினு முக்கால் கிலோமீட்டர் நடக்கிறாங்க. எப்படிங்க இது?"

நான் யோசிக்கவே இல்லை. "பாயின்ட் தப்பா எடுத்திருப்பாங்க சார்" என்றேன்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேலாளரிடம், "குழாய்கிட்ட நின்னுதான் சார் எடுத்தேன்" என்றார். எல்லாவற்றையும் மறுபடி எடுத்து வரச் சொல்லிவிட்டார் மேலாளர். சித்திரை மாதம்.

மறுநாள் காலை நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். வட்டம் போடும் கட்டளை கேட்பது ஆரத்தை, அதாவது நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரையான தூரத்தை. நான் அதை வட்டத்தின் முழு அகலம் என்று நினைத்து ஆயிரம் மீட்டர் கொடுத்திருந்தேன். ஐநூறு என்று மாற்றி ஓட்டியதும் அந்தக் காலனி வெளியே வந்து நின்றது. கூடவே இன்னும் சில குடியிருப்புகள்.

அக்காவை அழைக்கப் போனை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பேர் கெட்டுவிடும் என்று பயந்து வைத்துவிட்டேன். மணவூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அவர் அனுப்பிய புதுப் புள்ளிகள் ஒவ்வொன்றாக என் திரைக்கு வந்தன. பழைய புள்ளிகள் இருந்த இடத்திலேயே விழுந்தன. மின்விசிறிக்குக் கீழே டீ குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி மூன்று நாள்.

நான்காம் நாள் அவர் படியேறி வந்தபோது செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. மேலாளர் அறைக்கு அவரையும் அழைத்துப் போய்ச் சொன்னேன்: "தப்பு என்னுது சார். அவங்க பாயின்ட் எல்லாம் சரி. எனக்கு மூணு நாளாத் தெரியும்."

மேலாளர் திட்டினார். பட்டியல் திருத்தப்பட்டது. ஆவணிக்குள் காலனிக்குக் குழாயும் வந்தது.

அக்கா திட்டவில்லை. வெளியே வந்ததும், "தெரிஞ்ச அன்னைக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றார்.

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.