கழுத்து சொல்லும் சாட்சி

படி இறங்கும்போது பாபாசோ சுவரைப் பிடித்துக்கொண்டான். அடுப்படியிலிருந்து அக்காதாயி அதைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஆலையில வெல்ல மூட்டை தூக்கினேன். உடம்பு வலி."

மூட்டை தூக்கினால் இடுப்பும் தோளும்தான் வலிக்கும். தொடை பிடித்துக்கொண்டு படி இறங்க முடியாமல் போவது, தாலீமில், அதாவது குஸ்திக் கூடத்தில், நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்து பைட்டக் போட்டவனுக்கு. கோல்ஹாப்பூரில் பயில்வானுக்கு மகளாகப் பிறந்து, பயில்வானுக்கே வாக்கப்பட்டவள் அவள். அப்பாவுக்குப் பாதாம் அரைத்துக் கொடுத்த வயதிலேயே இதெல்லாம் தெரியும்.

போன வருஷத் திருவிழாக் குஸ்தியில் தலைகுப்புற விழுந்து, பாபாசோவின் இடது கை ஒரு மாதம் மரத்துக் கிடந்தது. இன்னொரு தடவை கழுத்தில் அடிபட்டால் கை திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி கோதாவில் இறங்குவதில்லை என்று இவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். இதோ, அடுத்த திருவிழாவும் நெருங்கிவிட்டது.

பெண்கள் அந்தத் தாலீமுக்குள் கால் வைப்பதில்லை. போய்ப் பார்க்க வழியில்லை. இருக்கிற ஒரே சாட்சி அவன் உடம்புதான்.

"உக்காருங்க, எண்ணெய் தடவுறேன்."

"என்ன திடீர்னு பாசம்?"

தொடையை லேசாகத்தான் அழுத்தினாள்.

"ஐயோ, கொலைகாரி!"

"மூட்டையைத் தொடையால தூக்கினீங்களோ?"

இடுப்பை அழுத்தினாள், தோளை அழுத்தினாள், முனகல்கூட இல்லை. மூட்டைக் கதை அங்கேயே முடிந்தது. கடைசியாகக் கழுத்துக்கு வந்தாள். பிடி போட்டுப் புரண்டவன் கழுத்து கட்டையாக இறுகியிருக்கும். இது இளகியிருந்தது, இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பியது.

"முந்தாநாள் ஞாயித்துக்கிழமை பைட்டக் மட்டுந்தான் போட்டேன்டி. கோதாவுல இறங்கல."

"நேத்து?"

"நேத்து சும்மா ஓரமா நின்னு பாத்தேன்."

பதில் கொஞ்சம் வேகமாக வந்த மாதிரி இருந்தது.

"சரி, தொடையை நல்லா அழுத்திப் பிசைஞ்சு விடு."

"நொந்த சதையை நசுக்கினா இன்னும் நோகும். உப்பு வறுத்து ஒத்தடம் தரேன். படுத்தே கிடக்காதீங்க, இறுகிப் போகும். மெதுவா தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"அப்ப நம்பிட்டியா?"

"நேத்துப் பண்ணின வேலை இன்னைக்கு முழுசாத் தெரியாது. நாளைக்குக் காலையில கழுத்தைக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

அவன் எழுந்து படி இறங்கினான். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. இன்னொரு கை கழுத்தைத் தடவிப் பார்த்தது.

அக்காதாயி அதையும் பார்த்தாள்.