வராத ஒம்பதாம் நம்பர்

தோக்குற டீமுக்கு மைக் பிடிச்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்து உக்காருங்க, இது நம்ம கதைதான்.

ஹட்டன்ல நான் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுறவன். யாரோட கொரலையும் அப்படியே பேசுவேன். ஞாயித்துக்கெழமைன்னா எங்க தோட்டத்து ஹாக்கி டீமுக்கு அறிவிப்பாளர். டீம் லிஸ்ட்ல பதினோரு பேரு இருக்கும். அதுல நாலு பேரு கொழும்புல. நாலுல ஒருத்தன் என் கூட்டாளி செல்வம், ஒம்பதாம் நம்பர். ஹோட்டல் சமையலுக்குப் போயி ஆறு வருசமாச்சு. கமிட்டி மட்டும் அவன் பேரை வெட்ட மாட்டேங்குது.

பனிக்குள்ள ஒரு கோல்

தலவாக்கலை டீமோட மேட்ச். பனி எறங்கி கோல் கம்பமே தெரியல. எங்க ஆளுங்க ஏழே பேருதான். சனம் சும்மா நிக்குதேன்னு, "செல்வம் பந்தைக் கொண்டு போறாரு, ரெண்டு பேரைத் தாண்டிட்டாரு, அடிச்சாரு!"ன்னு மைக்ல விட்டேன். ஒரே விசில். சொல்லச் சொல்ல எனக்கே அவன் ஓடுறது தெரிஞ்சிச்சுங்க. குனிஞ்ச முதுகு, நாக்கை மடிச்சுக் கடிக்கிற பழக்கம், எல்லாமே.

பனி வெலகுனா பந்து எங்க கோலுக்குள்ள கெடக்கு. அந்த டீம் கேப்டன் நேரா மேசைக்கு வந்தான்.

"அண்ணே, நீங்க சொல்ற மேட்ச் எங்க நடக்குது? நாங்களும் வந்து பாக்குறோம்."

யோசிப்போம்

டீம் தலைவர், தோட்டத்து வேலைய மேற்பார்வை பாத்து ரிட்டயர் ஆன கண்டாக்கையா. வேலையில இருந்தப்ப தேயிலையக் கவாத்து வெட்டச் சொன்னா தயவுதாட்சணியம் பாக்காத மனுசன். லிஸ்ட்ல ஒரு பேரை வெட்டச் சொன்னா மட்டும் கை ஓடாது.

சட்டை எடுத்துக் குடுக்குற கடைக்கார நசீர் நானா கமிட்டிக் கூட்டத்துல கெஞ்சினாரு. "ஐயா, வெளையாடத் தெரிஞ்ச பயலுக வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பாக்குறானுக. எறக்கிவிடுவோமே."

"யோசிப்போம். தீபாவளிக்குச் செல்வம் வருவான்"னுட்டு ஐயா போன் பேச வெளியில போனாரு. நான் தொண்டையைச் செருமி, இல்லாத கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, "யோ...சிப்போம்"னேன். நானாவுக்குச் சிரிச்சதுல டீ மூக்குல ஏறிருச்சு. அப்புறம் திடீர்னு எந்திரிச்சு நின்னாரு. எனக்குப் பின்னால இருந்து கொரல் வந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் இழுக்கணும் தம்பி. நான் அவ்வளவு வெரசா சொல்ல மாட்டேன்."

பெரட்டுல ஒரு கொரல்

காலையில வேலைக்குப் பேர் கூப்புடுற பெரட்டு மாதிரி, பிராக்டீஸுக்கு முன்னால நாங்களும் பேர் கூப்புடுவோம். வராதவனுக்கு அவனவன் கொரல்ல நான் பதில் சொல்லுவேன். ஒரு நாள், "செல்வம்!"

"இருக்கேங்கய்யா!" அதே கரகரப்பு.

மேல ரோட்டுல காய்கறிப் பையோட போய்க்கிட்டிருந்த அவன் சம்சாரம் தேவி தடதடன்னு எறங்கி வந்துச்சு. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துச்சு. யாரும் சிரிக்கல. "நான்தாம்மா"ன்னேன். காய்கறிப் பையைக் கீழ வச்சுச்சு.

"அண்ணே, போன்ல அவரு சொன்னா நம்ப முடியல. அதே கொரல்ல நீங்க ஒருக்கா, 'இந்தத் தீபாவளிக்கு வாறேன்'னு சொல்லுங்க."

பென்சில் கோடு

அந்தத் தீபாவளிக்கு நெசமாவே வந்தான். ரெண்டே நாள் லீவு. கிரவுண்டுல பழைய ஸ்டிக்கைத் தடவிப் பாத்தான். "ஒன் எடம் அப்படியேதான்டா இருக்கு"ன்னேன். அவனுக்குக் கோவம் வந்துருச்சு.

"பேரை எடுத்துருங்கடா! தேவியக் கொழும்புக்குக் கூப்புட்டா, 'ஒங்க எடம் இங்க இருக்கு, நீங்க வாங்க'ங்குறா. நானும் வரல, அவளும் வரல."

கமிட்டியில யார் கொரலும் இல்லாம, என் சொந்தக் கொரல்ல செல்வம் சொன்னதைச் சொன்னேன். நல்லாவே இல்ல. கண்டாக்கையா பேனாவை வச்சிட்டுப் பென்சிலை எடுத்தாரு. நாலு பேருக்கும் மெல்லிசா கோடு போட்டாரு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன நாலு பேரை எழுதினாரு. அப்புறம் நானாவைப் பாத்து,

"ஒம்பதாம் நம்பர் சட்டைய மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க. பாப்போம்."

தைப்பொங்கல் முடிஞ்சு தேவி கொழும்புக்கு ரயில் ஏறிருச்சு, அடுத்த மேட்ச்ல பதினோரு பேரும் எறங்கி ஒரே ஒரு கோல்லதான் தோத்தோம், ஆனா சட்டை நம்பரை வரிசையா வாசிக்கையில எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல மைக்ல நான் விட்ட மூச்சை மட்டும் எந்தக் கமிட்டி வந்து வெட்டும்னு தெரியலங்க.