தானாக மாறக்கூடாத வரி

அப்புத்தளைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது ராணி அக்காவின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே. டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." அங்கேயே இறங்கி, பதுளைக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றேன்.

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவர் செல்வராணி என்ற ராணி அக்கா. தொண்ணூறுகளின் இறுதியில் பதுளையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து நானும் அங்கே சேர்ந்தேன்.

அப்போது ஒரு மருத்துவமனைக்காக, சத்திரசிகிச்சைக்குப் போனவர்களின் நிலையை வெளியே காத்திருப்போருக்குக் காட்டும் திரையைச் செய்துகொண்டிருந்தோம். உள்ளே தாதி பதிந்ததும் தரவுத்தளம் மாறிவிடும். வெளியே திரையோ, யாராவது பொத்தானை அழுத்தும்வரை பழையதையே காட்டும். மகளுக்குச் சிகிச்சை நல்லபடி முடிந்தது தெரியாமல் ஒரு தாய் அழுதுகொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"நாம கேட்டாத்தான் சொல்லுமா? மாறுனா அதுவா சொல்லணும்" என்றார்.

ஒவ்வொரு வரியும் எந்தத் தரவை நம்பியிருக்கிறதோ, அது மாறியதும் அந்த வரி மட்டும் தானாக மாறும்படி செய்தார். முதலில் திரை முழுவதும் புதிதாகி, பெயர்கள் இடம் மாறின. எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் மனைவியின் பெயரைக் காணாமல் பதறினார். "பேரு அதே எடத்துல இருக்கட்டும்" என்று அதையும் திருத்தினார்.

இறுதிச் சோதனையில் ஒரு கற்பனைப் பெயருக்கு 'இறப்பு' என்று பதிந்தேன். அந்த நொடியே திரையில் வந்தது. அக்கா அந்த வரியைச் சுட்டிக்காட்டினார்.

"இது மட்டும் வேணாம். பெத்தவ இத செவுத்துல பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது. டாக்டரே கிட்ட வந்து உக்காந்து சொல்லட்டும்."

எல்லா மாற்றமும் தெரிய வேண்டுமென்பதே ஒப்பந்தம் என்றார் முதலாளி.

"அப்ப இந்த வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துருங்க சேர்."

முதலாளி அவரையே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். தலைமைத் தாதி உடனே சம்மதித்தார். உறவினருக்கு நேரில் சொல்லியாயிற்று என்று பதியும்வரை இறந்தவரின் வரி அசையாது என்று முடிவாயிற்று.

பின்னாளில் அக்காவின் கணவர் அங்கேதான் சத்திரசிகிச்சைக்குப் போனார். நானும் உடனிருந்தேன். திரையில், அவருக்குப் பிறகு உள்ளே போனவர்களின் நிலைகூட ஒவ்வொன்றாக மாற, அவருடையது மட்டும் அப்படியே நின்றது. அதன் பொருள் அந்த மண்டபத்தில் அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். மருத்துவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"உக்காந்து சொன்னாரு. அது போதும்" என்றார் அக்கா பிறகு.

தோட்டத்து மேட்டில் அக்காவை அடக்கம் செய்தோம். கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்கள் மழையில் மண் போட்டார்கள். என் முறை வந்தபோது மண்ணோடு மூடிய கை திறக்கவில்லை. தம்பிதான் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டார்.

சென்று வாருங்கள், அக்கா.