ஏழு பேருக்கு அக்கா போட்ட கையெழுத்து: பத்து காஜாவிலிருந்து ஜெலாப்பாங் வரை

போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தனம் அக்கா போன் செய்துவிட்டார். என் பெரியம்மா மகள். ஈப்போவுக்குப் பக்கத்தில், பத்து காஜாவுக்கு உள்ளே, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார். "மீனா, நீ வக்கீல் ஆபீஸ்லதானே இருக்கே. ஒரு பேப்பர் இருக்கு, வந்து படிச்சுச் சொல்லு" என்றார். நான் வக்கீல் அலுவலகத்தில் இருப்பது உண்மை. அங்கே நான் ஸ்டாம்பு ஒட்டுகிறேன், நகல் எடுக்கிறேன். இதை அக்காவுக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. ஈப்போவில் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று என்ற சபலமும் சேர்ந்துகொள்ள, இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வியாழன் காலை 8.50 ரயில், கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் இருந்து. எனக்கு ஆன டிக்கெட் முப்பத்தேழு ரிங்கிட். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள் என்று யாரோ எழுதியிருந்ததை நம்பி இடது பக்கம் உட்கார்ந்தேன். காம்பார் பக்கம் வந்ததும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் எல்லாம் வலது பக்கம்தான் அதிகமாகத் தெரிந்தமாதிரி இருந்தது. திரும்பி வரும்போது வலது பக்கம் உட்கார்ந்தேன், அப்போது இடது பக்கம் அதிகம் என்று தோன்றியது. ஆகவே இந்த விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

11.05க்குப் பத்து காஜா. ஸ்டேஷனிலிருந்து தோட்டம் பதினொரு கிலோமீட்டர், காருக்குப் பதினெட்டு ரிங்கிட். தோட்டத்தின் பெயரை அக்கா எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. ஓட்டுநர் அண்ணன் பத்து காஜாக்காரர், வாய் ஓயாதவர். இடத்தைச் சொன்னதுமே, "ஓ, நாடிர் பூமி தோட்டமா?" என்றார். அரிய மண் தாதுக்களுக்கு மலாயில் அப்படித்தான் பெயர்.

"யார் கம்பெனிண்ணே அது?" என்று கேட்டேன்.

"சீனாக்காரன்னு சொல்றாங்க, ஆஸ்திரேலியான்னு சொல்றாங்க. எங்க மாமா ஜப்பான்னு அடிச்சுச் சொல்றாரு. யாரா இருந்தா என்னலா, மலை நம்ம மலைதானே?" என்றவர், கொஞ்ச தூரம் போனதும், "நம்ம மலைதானா அது?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

தோட்டம் என்று சொன்னாலும் ரப்பர்ப் பால் மரம் எதுவும் இப்போது இல்லை. தோட்டம் கைமாறி, கைமாறியவர்களிடமிருந்தும் கைமாறி, முன்பக்கம் முழுக்கச் செம்பனை. பின்னால் மலையடிவாரத்தில் நாற்பது சொச்சம் வீடுகள். பழைய தொழிலாளர் லயங்களின் சுவரோடு ஒட்டவைத்துக் கட்டியவை. எல்லோரும் வெளியே போய்ச் சம்பாதிக்கிறார்கள். பெரும்பாலும் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், தொழிற்சாலை பஸ்ஸில் போய்வருகிற வேலை. அக்கா மட்டும் பத்து காஜாவில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை, வாரத்தில் ஐந்து நாள்.

சோறு போட்டுவிட்டு அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனிக்காரர்கள் இரண்டு வாரத்துக்கு முன் வந்து, கோயிலுக்கு எதிர்த் திடலில் கூடாரம் போட்டு, ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். பிறகு பெயர் வாசிக்க வாசிக்க ஒரு பட்டியல் சுற்றி வந்திருக்கிறது. அதன் நகல்தான் இது. முப்பத்திரண்டு பெயர், முப்பத்திரண்டு கையெழுத்து. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில், கூட்டத்துக்கு வந்தேன், விளக்கம் கேட்டேன் என்று இருந்தது. சரி, வருகைப் பதிவு என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. மலையில் சோதனைக் கிணறுகள் போடுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அப்படித்தான் இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

"இதுல ஏழு கையெழுத்து நான் போட்டது மீனா."

"யாருக்கு?"

"வராதவங்களுக்கு. சரசுக்கு, அந்த லைன் வீட்டு ஆளுங்களுக்கு. எல்லாம் ஷிப்டுக்குப் போயிட்டாங்க. பேர் கூப்பிட்டாங்க, ஆள் இல்ல. நான் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யாராவது இப்படிச் செய்வார்களா என்று கேட்டும்விட்டேன். பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தோட்டக் காலத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு இதே திடலில் பெரட்டு நடக்கும். அதாவது ஆள் எடுக்கும் கூட்டம். தோட்டத்துக் கணக்கரான கிராணி இருட்டில் பெயர் வாசிப்பார். பதில் குரல் வரவில்லை என்றால் அன்றைக்குப் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவளுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகும். அதனால் பக்கத்து வீட்டுக்காரி குரலை மாற்றி, "இருக்கேங்கய்யா" என்று சொல்லிவிடுவாள். அவள் தாமதிக்கும் நாளில் இவள் சொல்வாள். அக்காவும் சரசு அக்காவும் பதினெட்டு வருடம் ஒருத்திக்கொருத்தி இப்படிக் குரல் கொடுத்தவர்கள். அதே திடல், யாரோ பெயர் வாசிக்கிறார், பதில் இல்லை. அக்காவின் கை தானாகவே போய்விட்டது.

"வராதவங்களுக்குப் பேர் இல்லாமப் போயிடுமேன்னுதான்லா போட்டேன்" என்றார். சரசு அக்காவின் வீடுதான் வரிசையில் கடைசி, மலையை ஒட்டியது. சோதனை நடந்தால் அந்த வழியாகத்தான் பாதை போகும், வீடு இடம் மாறவேண்டும். அக்காவுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. புரண்டுகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஜெலாப்பாங் போனோம். இருபத்தாறு கிலோமீட்டர், முப்பத்திரண்டு ரிங்கிட். டயர் கடைக்கும் இரும்புக் கிடங்குக்கும் நடுவில் கம்பெனியின் அலுவலகம். எங்களை வரவேற்றவர் பெயர் வள்ளியம்மை. மக்கள் தொடர்பு அதிகாரி, முப்பது வயதுக்குள் இருக்கும். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக ஈப்போ. அவர் தமிழைக் கேட்டால் தெரியும். "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறியளா" என்று கேட்டதில் நான் பாதி அடங்கிவிட்டேன். சண்டை போடத் தயாராகப் போனவளுக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல்.

யாருடைய கம்பெனி என்று அவரிடமும் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். கம்பெனி பதிவானது சிங்கப்பூரில். முதலீடு இன்னொரு நாட்டிலிருந்து வருகிறது. தொழில்நுட்பம் மூன்றாவது நாடு. மலைக்கு அனுமதி தரவேண்டியது மாநில அரசு. உள்ளூர்ப் பங்காளி ஒருவரும் உண்டு. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்தேன். கடைசியில் எல்லா அம்பும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நின்றன.

வெளிநாட்டுப் புவியியலாளர் ஒருவர் கண்ணாடிப் புட்டியில் மண் கொண்டுவந்து காட்டினார். நம் கொல்லையில் இருக்கும் அதே சிவந்த களிமண். கைபேசி, மின்சாரக் கார், காற்றாலை எல்லாவற்றுக்கும் இதில் இருப்பது வேண்டுமாம். ஈப்போவைச் சுற்றிய இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சுரங்கம் என்றால் பெரிய பள்ளம், பிறகு குட்டை. இவர்கள் தோண்டவே போவதில்லையாம். மலையில் துளை போட்டு உப்புக் கரைசலை உள்ளே விட்டு, அது தாதுவைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது குழாயில் பிடிப்பார்களாம். வள்ளி தமிழில் சொல்லச் சொல்ல அக்கா உன்னிப்பாகக் கேட்டார்.

"அப்ப மலைக்கு ட்ரிப்ஸ் ஏத்தறீங்க" என்றார்.

வள்ளி சிரித்தார். "அப்படித்தான்னு வச்சுக்கங்களேன்."

"ஏத்தின தண்ணி எல்லாம் குழாய்க்கு வந்துருமா?"

வள்ளி அதை ஆங்கிலத்தில் கேட்டார். பெரும்பாலும் வந்துவிடும் என்றார் புவியியலாளர். நல்ல மனிதர். எல்லாமே வந்துவிடும் என்று பொய் சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்கும் வழியில்லை. கையில் கைபேசியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஏழு கையெழுத்து விஷயத்தைச் சொன்னார். வள்ளி பேனாவை மூடி வைத்துவிட்டார். பட்டியல் திங்கட்கிழமை முதலீட்டாளர்களுக்குப் போகிறது, தானாக யார் பெயரையும் அடிக்க முடியாது என்றார். அந்தந்த ஆள் தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் எடுத்துவிடலாம். ஏழு படிவங்கள் கொடுத்தார். "சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்" என்றார். வெளியே வந்து, பக்கத்துக் கடையில் கோழிச் சோறு சாப்பிட்டோம், ஆளுக்கு எட்டு ரிங்கிட். அக்கா பாதிக்கு மேல் தொடவில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குக் கோயில் வாசலுக்கு அந்த ஏழு பேரும் வந்தார்கள். அக்கா நின்றுகொண்டே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. "தா ஆப்பாலா அக்கா, பரவால்ல, நல்லதுக்குத்தானே போட்டீங்க" என்றார் ஒருவர். ஜெலாப்பாங் போய்க் கொடுக்க லீவு கிடைக்காது, சுசா, கஷ்டம் என்றார் இன்னொருவர். அப்புறம் ஒரு குரல், "அந்த ஃபார்மையும் நீங்களே போட்டுடுங்கக்கா." எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள்.

சரசு அக்கா மட்டும் எழுந்தார். "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா தனம் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர்களே சொல்லிவிட்டார்களே, ஏழையும் போட்டு முடியுங்கள் அக்கா என்றேன். அக்கா படிவங்களை என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, "பேசாமப் படு" என்றார்.

சனிக்கிழமை காலை 5.40. நாங்கள் நின்ற சாலைச் சந்திப்புக்குத் தொழிற்சாலை பஸ் 5.55க்கு வரும். அக்கா இரண்டு பேனாவும் அடியில் வைக்க ஒரு எவர்சில்வர் தட்டும் கொண்டுவந்திருந்தார். வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார், நான் கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு படிவத்தைத் தமிழில் சொன்னேன். எடுக்கணுமா வேணாமா, உங்க இஷ்டம் என்று அக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். சரசு அக்கா பஸ் வந்து நின்ற பிறகுதான் வந்தார்.

படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இதுல வேணாம்னுதானே இருக்கு?"

"ஆமா சரசு. மன்னிச்சுக்க. போட்டுக் கொடு, நான் கொண்டு போய்க் கொடுத்துடறேன்."

"எனக்கு வேணும்."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எத்தனை வருசம் இந்த ஒழுகல் வீட்ல இருக்கறது? புது வீடு தரேன்னு சொல்றாங்க, மகனுக்கு வேலைன்னு சொல்றாங்க. தருவாங்களோ மாட்டாங்களோ, நான் கேட்டுப் பாக்கறேன்."

"அப்ப நேத்து ஏன்டி கோவிச்சுக்கிட்டுப் போன?"

"ஒத்துக்க வேண்டியது நான்லா. நீ இல்ல."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சரசு அக்கா தட்டை வாங்கி, படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்காவின் கையில் திணித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். அக்கா அழுதார். நானும்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து காஜா ஸ்டேஷனில் கார் உடனே கிடைக்கும், தோட்டத்திலிருந்து திரும்பக் கிடைக்காது. ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் அட்டை உண்டு, காலுறை இல்லாமல் போகாதீர்கள், அனுமதியில்லாமல் மலை ஏறவே ஏறாதீர்கள். சனிக்கிழமை மதிய ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். எனக்கு 3.20தான் கிடைத்தது. மூன்று நாளில், சாப்பாடு உட்பட, இருநூற்று நாற்பது ரிங்கிட் செலவு. இந்த முதலீடு நல்லதா கெட்டதா என்று கேட்டுப் பின்னூட்டம் போடாதீர்கள். போகும்போது ஒரு குழப்பம்தான் இருந்தது, வரும்போது நாலைந்து இருந்தன.

அந்தச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஜெலாப்பாங் போய்ச் சேர்ந்தோம். வள்ளி ஆறு படிவங்களையும் சரிபார்த்து, மேசையில் இருந்த இரண்டு கோப்புகளில், பெயர் நீக்கம் என்று எழுதியதில் வைத்தார். ஏழாவதைத் திருப்பிப் பார்த்தார். முதல் கையெழுத்து என்னுடையது இல்லை, இதுதான் என்னுடையது, சம்மதம், வந்து என்னிடம் பேசவும் என்று தமிழில் எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்தார். சம்மதக் கோப்பைத் திறந்தார், மூடினார். நீக்கக் கோப்பைத் திறந்தார், மூடினார். பிறகு அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்தம்மா வீட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்புவாக?" என்று அக்காவைக் கேட்டார்.