வெற்று லெட்டர்பேடில் என் கையெழுத்து

வக்கீலாக இருந்தவரை எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. எம்.எல்.ஏ. ஆனதும் அந்தப் புத்தி எங்கே போனதோ! ஜவ்வாது மலையும் என் தொகுதியில்தான் இருந்தது. ஒரு சிபாரிசுக் கடிதத்துக்காக மலைமேல் இருக்கும் புதூர்நாட்டு ஜனங்கள் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து கீழே இறங்கி வரவேண்டும். பாவம், எதற்கு அலைச்சல் என்று வெற்று லெட்டர்பேடுகளில் கையெழுத்திட்டு, ஒரு கட்டாகவே மலையில் இருந்த எங்கள் கட்சிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவைத்தேன். கேட்டவர்களுக்கு வேண்டியதை அவர் எழுதிக் கொடுப்பார். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

அடுத்த தேர்தலில் தோற்றேன். மறுபடி கறுப்புக் கோட்டு. பிறகு பரீட்சை எழுதி வேறொரு மாவட்டத்தில் நீதிபதியானேன்.

போன மாதம் எனக்கே சாட்சி சம்மன் வந்தது. புதூர்நாட்டு அம்மா ஒருவர், தன் புளியமரங்கள் நிற்கும் நிலத்துக்காக வழக்குப் போட்டிருந்தார். அந்த நிலத்தைப் பல வருடமாக உழுவது அவருடைய பங்காளிதான் என்று என் லெட்டர்பேடில் ஒரு கடிதம். அதை வைத்துப் பட்டாவையே மாற்றிவிட்டார்கள். கையெழுத்து என்னுடையதேதான்.

"ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வந்துடுங்க சார். பேர் கெட்டுடும்," என்றார் சக நீதிபதி. எனக்கும் அந்த எண்ணம்தான். நல்லது செய்யப்போய் இந்தக் கண்றாவியா என்று எரிச்சலாக வந்தது.

கோர்ட் வராண்டாவில் அந்த அம்மா எழுந்து கும்பிட்டார். "இன்னாத்துக்குங்க அவனுக்கு அப்டி எழுதிக் குடுத்தீங்க? எங்க வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

நான் தெரிந்தேதான் எழுதினேன் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறார். கூசிப்போனேன்.

கூண்டில் ஏறி உண்மையைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை.

"சட்டம் படிச்சவர், வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

இதே குரலில் எத்தனை சாட்சிகளை நான் குடைந்திருப்பேன்!

"போட்டேன்."

"எத்தனை தாள்?"

"ஒரு கட்டு."

என்னைவிட இளையவரான நீதிபதி தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா பக்கத்தில் வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு. நன்றி சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு கட்டுன்னீங்களே," என்றார். "என்து ஒரு தாளு. மிச்சமெல்லாம் யார் யார் நெலத்துக்குப் போச்சுங்க?"

"தெரியலம்மா," என்றேன்.