ஐம்பது கிலோமீட்டருக்கான பை

மகள் தன் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டாள். ஓக்லாந்துக்கு மேற்கே இருக்கிற மலைக்காட்டுப் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம். அது முடிந்த கையோடு வேலைக்காக வெலிங்டன் போய்விடுவாள். போகுமுன் அப்பாவோடு ஒருமுறை ஓடவேண்டும் என்று அவளாகவே கேட்டாள். பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டது காரை எடுத்துப்போகத் திறப்பு மட்டும்தான். முழங்கால் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று ஓம் என்றேன்.

ஓடிப் பழகியது ஆறு மாதம். அது எனக்கு விளங்கியது. பை அடுக்குவதுதான் கடைசிவரை விளங்கவில்லை. மழைச் சட்டை, கம்பளி உள்சட்டை, விசில், நெற்றி விளக்கு, பண்டேஜ், குளிருக்குப் போர்த்த வெள்ளித்தாள் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். ஒன்று குறைந்தாலும் ஓடவிட மாட்டார்களாம். இத்தனையும் முதுகோடு ஒட்டிக்கிடக்கிற ஒரு சின்னப் பைக்குள் போகவேண்டும்.

ஓடும்போது விழுங்க உப்புக் குளிசை கட்டாயம் என்றது ஒரு வீடியோ. அதைத் தொடவே கூடாது என்றது அடுத்தது. பாரம் குறையக் குறைய நல்லது என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். மனைவியோ ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவதாக நின்றாள், வழியில் சந்திக்கிறவர்களுக்கும் சேர்த்து. மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் சாப்பாட்டு மேசையில் நாலு தரம் அடுக்கி நாலு தரம் கொட்டினேன். எதை எடுத்தேன், எதை விட்டேன் என்று எனக்கே தெரியாத நிலையில், ஐந்தாம் தரம் ஒருவழியாக சிப் மூடியது. திறந்து பார்க்கப் பயந்து அப்படியே வாசலடியில் வைத்தேன்.

காலையில், காட்டோரக் கார்ப் பார்க்கில், பை பார்க்கிற பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாள். விசில் வந்தது. விளக்கு வந்தது. மூன்றாவதாக ரப்பர் பாண்ட் போட்ட பொலித்தீன் கட்டு ஒன்று வந்தது. மூன்று கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரங்கள், எங்கள் கலியாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ். அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிற கட்டு அது. அதை எடுத்துவந்த ஞாபகமே எனக்கு இல்லை. அது கிடந்த இடத்தில் இருந்திருக்கவேண்டிய கம்பளி உள்சட்டையும் இல்லை.

இதெல்லாம் எதற்கு என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். இருபது வயதுக்குள் யுத்தத்தால் மூன்று முறை வீட்டை விட்டு வெளிக்கிட்டவன் நான். மூன்று முறையும் பைக்குள் முதலில் போனது பத்திரங்கள்தான். விளக்கு, பண்டேஜ், போர்வை என்று வாசித்ததும் மிச்சத்தைக் கையே எடுத்து வைத்திருக்கிறது. ஓட்டம் தொடங்க இருக்கிற பதினைந்து நிமிடத்துக்குள் இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? உள்சட்டை இல்லாமல் விடமுடியாது என்று அந்தப் பெண் தணிவாகத்தான் சொன்னாள். மகளைப் பார்த்து, நீ போ என்றேன். அவள் அசையவில்லை.

வழியனுப்ப வந்த மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

“மேசையில கிடந்தது. நீங்கள் வேண்டாமெண்டு விட்டதெண்டு நினைச்சன். குளிருக்கு நான் போட்டுக்கொண்டு வந்திட்டன்.”

கழிப்பறைக்குப் போய்க் கழற்றிக்கொண்டு ஓடிவந்தாள். பைக்குள் திணிக்கும்போது அது இளஞ்சூடாக இருந்தது. பத்திரக் கட்டை அவளிடம் கொடுத்தேன்.

ஒன்பதரை மணித்தியாலம் ஓடினோம். பாதி தூரத்தை நடந்தோம் என்பதே உண்மை. சேற்றில் நான் இரண்டு தரம் விழ, மகள் இரண்டு தரமும் கைகொடுத்தாள். அவ்வளவு நேரமும் அந்தக் கட்டு என்னிடம் இல்லை என்பது முதுகில் உறுத்திக்கொண்டே இருந்தது.

முடிவுக் கோட்டில் மழை. மனைவி அங்கே நனைந்துகொண்டு நின்றாள். மேற்சட்டைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அந்தக் கட்டைக் காருக்குள் வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

“காரை ஆரும் உடைச்சால்?” என்றாள்.

மகள் சிரித்தாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.